மெல்லத் தெரியாத பிள்ளையா?



தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துத் தாய்மார் சொல்லும் குறை ஒன்றுண்டு: "சோத்தை வாயிலேயே வச்சிருக்கான், ஐயா." அதைப் பிடிவாதம் என்று அடிக்குமுன், பிள்ளை எப்படி மூச்சு விடுகிறான் என்று கவனியுங்கள்.

மூக்கின் பின்புறம், உள்நாக்குக்கு மேலே அடினாய்டு என்னும் சதை இருக்கிறது. கிருமிகளைத் தடுப்பது அதன் வேலை. சிறுவயதில் பெரிதாக இருந்து, பின்பு தானே சுருங்கும். சிலருக்கு அது மிகவும் வீங்கி மூக்கை அடைத்துவிடும். டென்மார்க் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் 1868-இல் இதை விளக்கி எழுதினார்.

மூக்கு அடைத்தால் மூச்சுக்கும் வாய், மெல்லவும் அதே வாய். ஆகவே பிள்ளை மெல்வதை இடையிடையே நிறுத்துகிறது. அல்லது அரைகுறையாக விழுங்குகிறது. வாய் திறந்தே இருப்பதால் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள மெல்லும் தசைகளுக்கு வேலை குறைகிறது. நாளடைவில் முகம் நீண்டு, மேலண்ணம் குறுகி, பற்கள் நெருங்கி முளைக்கலாம்.

எலும்பு வளரும் பருவத்திலேயே கவனிப்பது நல்லது. குறட்டை, ஓயாத மூக்கடைப்பு, காது மந்தம் இருந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இப்பிரிவு உண்டு. எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. சிலருக்கு மருந்தே போதும்.

அடைப்பு நீங்கிய பின்பும் வாயால் மூச்சு விடும் பழக்கம் உடனே போகாது. அருகில் உட்கார்ந்து, வாயை மூடி இருபுறமும் மென்று சாப்பிடப் பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள்.