படிக்கிணறும் நரம்புச் சிலந்தியும்

வறண்ட பிரதேசங்களில் படிக்கிணறுகள் பூர்வீகமாக இருந்து வந்தவை. கோடையில் ஜலம் எவ்வளவு கீழே சென்றபோதிலும் குடத்துடன் இறங்கி மொண்டுவரலாம். கயிறும் உருளையும் வேண்டியதில்லை. இந்தச் சௌகரியமே நரம்புச் சிலந்தி வியாதி பரவுவதற்கு வழியாயிற்று.

அவ்வியாதியின் போக்கைச் சற்று விவரமாக அறிதல் அவசியம். நூல்போன்று 2, 3 அடி நீளமுள்ள பெண் புழு, பெரும்பாலும் காலில் கொப்புளத்தை உண்டாக்கி வெளியே தலைநீட்டும். எரிச்சல் பொறுக்கமாட்டாமல் நோயாளி காலை ஜலத்தில் நனைத்தவுடன், அப்புழு எண்ணிறந்த குஞ்சுகளை அதில் விட்டுவிடும். சைக்லாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். சுமார் 2 வாரங்களுக்குப் பிறகு அந்தப் பூச்சியுள்ள ஜலத்தை வடிகட்டாமல் குடிப்பவருடைய உடலில் குஞ்சு வளர்ந்து, ஏறக்குறைய 1 வருஷம் சென்று கொப்புளமாக வெளிப்படும். சென்ற வருஷம் குடித்த ஜலத்தை எவர் நினைவில் வைத்திருப்பர்? கிணற்றின் மீது ஒருவருக்கும் சந்தேகம் எழாததற்கு இதுவே காரணம்.

இதற்கு மருந்து கிடையாது. புழுவைக் குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றியே எடுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து புண் சீழ்ப்பிடிக்கும். உழவிலோ அறுவடையிலோ குடியானவன் வாரக்கணக்கில் படுத்துவிட்டால் அவ்வருஷத்திய சாகுபடியும் போயிற்று, வாங்கிய கடனும் நின்றுவிட்டது.

கிணற்றைத் தூர்த்துவிடுதல் பரிகாரமன்று. வேறு ஊற்றில்லாத ஊரில் அது வியாதிக்குப் பதில் தாகத்தைக் கொண்டுவருவதாகும். குற்றம் ஜலத்தினுடையதன்று, அதில் இறங்கும் காலினுடையது. ஆகையால் படிகளை அடைத்து, கைப்பிடிச் சுவர் எழுப்பி, உருளை அமைத்து, அதே ஜலத்தை இறைத்தெடுத்தல் போதும். சுற்றுத்தளம் வெளிப்புறமாகச் சரிந்திருத்தல் வேண்டும். இதைக் கவனியாமல் கட்டினால், தளத்தில் கால் கழுவிய ஜலம் திரும்பவும் கிணற்றுக்குள்ளேயே வடியும், செலவு முழுவதும் வீண். இறைப்பது சிரமமென்று பெண்கள் முறையிடுவதில் நியாயமுண்டு. நன்றாகச் சுழலும் உருளையும், எப்போதும் கிணற்றிலேயே இருக்கும் பொதுக் கயிறும் வாளியும் அக்குறையைப் பெரிதும் போக்கும். வேலை முடியும்வரையில், நெருக்கமாக நெய்த துணியால் வடிகட்டினால் பூச்சிகள் துணியிலேயே தங்கிவிடும்.

1980களில் இந்தியாவில் நடந்த ஒழிப்புத் திட்டத்தில் இம்முறைகளுடன் கைபம்புகளும் பூச்சிகொல்லி மருந்தும் உபயோகிக்கப்பட்டன. கடைசி நோயாளி 1996ல் ராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000ல் உலக சுகாதார ஸ்தாபனம் இத்தேசம் அவ்வியாதியினின்றும் விடுபட்டதாக அத்தாட்சி அளித்தது. திறந்த படிவழியே காலுடன் சேரும் அழுக்கினால் வாந்திபேதியும் சீதபேதியும் பரவக்கூடுமாதலால், குடிநீருக்கு உபயோகப்படும் படிக்கிணறு எங்கேனும் எஞ்சியிருப்பின் அதையும் இவ்விதமே மாற்றியமைத்தல் தகும்.