தென்னாபிரிக்க இனவொதுக்கலும் ‘ஒழுக்க’ச் சட்டங்களும்

மாணவர்களே, இனவொதுக்கல் பற்றி எழுதச் சொன்னால் உங்களில் பலர் தனி பஸ், தனி வாங்கு, தனிப் பாடசாலை என்பவற்றோடு நிறுத்திவிடுகிறீர்கள். அவை சரியே. ஆனால் இக்கொள்கை வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அதையும் எழுதினாலே விடை முழுமை பெறும்.

1. சட்டங்கள்

• 1927 – ஒழுக்கக்கேட்டுச் சட்டம்: ஐரோப்பியருக்கும் ஆபிரிக்கருக்கும் இடையில் திருமணத்துக்குப் புறம்பான உறவைத் தடைசெய்தது. தண்டனை ஆணுக்கு 5 ஆண்டு, பெண்ணுக்கு 4 ஆண்டு வரை சிறை.
• 1949 – கலப்புத் திருமணத் தடைச் சட்டம்: வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதைத் தடுத்தது.
• 1950 – ஒழுக்கக்கேட்டுத் திருத்தச் சட்டம்: 1927ஆம் ஆண்டின் தடையை வெள்ளையரல்லாத அனைவருக்கும் விரிவாக்கியது.

கவனிக்க: தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது 1948இல். முதலாவது சட்டம் அதற்கு 21 ஆண்டுகள் முந்தியது. “எல்லாம் 1948இல் தொடங்கின” என எழுதுவது பிழை.

2. எது ஒழுக்கம்?

வெள்ளையினத்தின் ‘தூய்மை’யைக் காப்பதே இச்சட்டங்களின் நோக்கம். அத்தூய்மை பிறக்கும் பிள்ளையில் தங்கியிருப்பதாகக் கருதப்பட்டதால், பெண்ணின் வாழ்வு அரசின் கண்காணிப்புக்குள் வந்தது. பொலிஸார் வீடு புகுந்து படுக்கை விரிப்புகளையும் சோதித்தனர். ஒரே உறவு, இருவரும் வெள்ளையராயின் இச்சட்டத்தில் குற்றமில்லை; ஒருவர் கறுப்பராயின் குற்றம். எனவே சட்டம் அளந்தது நடத்தையை அன்று, தோலின் நிறத்தையே.

மறுபுறம் பாருங்கள். சுரங்கங்களில் வேலைசெய்த ஆபிரிக்க ஆண்கள் ஆண்களுக்கான விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். மனைவியரும் பிள்ளைகளும் தொலைவிலுள்ள ஒதுக்கிடங்களில் வாழ்ந்தனர். ஒழுக்கம் பேசிய அரசே குடும்பங்களைப் பிரித்தது.

3. பெண்களின் எதிர்ப்பு

ஆபிரிக்க ஆண்கள் வைத்திருந்த அனுமதிப் புத்தகம் பெண்களுக்கும் விரிவாக்கப்பட்டபோது, 1956 ஓகஸ்ட் 9ஆம் திகதி ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசாங்கத் தலைமையகத்துக்குப் பேரணியாகச் சென்றனர். லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹிமா மூசா, சோபியா வில்லியம்ஸ் ஆகியோர் தலைமை தாங்கினர். இந்நால்வரும் ஆபிரிக்கர், வெள்ளையர், இந்திய வம்சாவளியினர், கலப்பினத்தவர் என நான்கு பிரிவினர். சட்டம் பிரித்தவர்கள் சேர்ந்தே நடந்தனர்.

4. முடிவு

இன அடிப்படையிலான திருமணத் தடையும் உறவுத் தடையும் 1985இல் நீக்கப்பட்டன. அனுமதிச் சட்டங்கள் 1986இல் நீக்கப்பட்டன.

மாதிரி வினா: “சட்டபூர்வமானது அனைத்தும் ஒழுக்கமானது அன்று.” தென்னாபிரிக்க உதாரணங்கள் இரண்டைக் கொண்டு விளக்குக.

விடைக்குறிப்பு: சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதாதீர்கள். அது யாரைப் பாதித்தது, எவ்வாறு பாதித்தது என்பதையும் ஒரு வசனத்திலாவது சேருங்கள்.