கொழுந்து எடுக்கிறவளுக்குக் கண்ணாடி எதற்கு?

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டங்களில் நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தி வேண்டும். சம்பளத் துண்டை மகன் வாசித்துச் சொல்ல வேண்டும். கண்ணாடி ஒன்று வாங்கலாமே என்றால், "நான் என்ன ஆபீசிலயா வேலை செய்றேன்? கொழுந்து எடுக்கிறதுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்பார்கள். கண்ணைப் பற்றித் தோட்டத்தில் உலவும் நம்பிக்கைகளில் கூலியை நேரடியாகத் தின்பது இதுதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

நாற்பது வயதுக்குப் பிறகு கண்ணுக்குள் இருக்கும் வில்லை மெல்ல மெல்ல விறைத்துப் போகிறது. தூரத்து மலை தெளிவாகத் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மங்கும். வெள்ளெழுத்து என்று சொல்வது இதைத்தான். எழுத்து வாசிக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற குறையல்ல இது. கொழுந்தும் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது? முற்றின இலையை ஒதுக்கி, இரண்டு இலையும் ஒரு அரும்புமாகப் பார்த்துக் கிள்ள வேண்டியவள் கண் மங்கினால் தடவித் தடவித்தான் எடுப்பாள். கை வேகம் குறையும். கணக்குக் கிலோ எட்டாத நாளில் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும். "வயசாயிடுச்சு, முந்தி மாதிரி கை ஓடல" என்று அவளே தன்னைக் குறை சொல்லிக்கொள்வாள். பல நேரம் ஓடாதது கை அல்ல, கண்.

இது வெறும் ஊகமல்ல. 2017இல் அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் வெள்ளெழுத்து இருந்தது. சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மறு பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு. தினமும் கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதினார்கள். கண்ணாடி கிடைக்காதவர்களின் நிறுவையும் அந்தக் காலத்தில் சராசரியாக 4.59 கிலோ கூடியிருந்தது. கிடைத்தவர்களுக்கோ 9.84 கிலோ. இடையில் உள்ள ஐந்தேகால் கிலோ கண்ணாடி கொடுத்தது. விழுக்காட்டில் 21.7, ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் அதைவிடவும் அதிகம். 2018இல் இந்த முடிவு லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. புதிய மருந்தோ இயந்திரமோ இல்லை; சாதாரணக் கிட்டப்பார்வைக் கண்ணாடி மட்டும்தான். எங்கள் மலையில் எடுப்பதும் அதே செடியின் அதே கொழுந்து. 2024இல் பங்களாதேஷ் கிராமங்களிலிருந்து வந்த ஆய்வும் இதையே சொன்னது: கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் 33 விழுக்காடு உயர்ந்தது.

"ஒருதரம் போட்டா கண்ணு பழகிடும், அப்புறம் கழட்டவே முடியாது" என்பது அடுத்த பயம். வில்லை விறைப்பதைக் கண்ணாடி கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. வருடம் போகப் போக அதிக பவர் தேவைப்படுவது வயதால். தெளிவாகப் பார்த்தபின் மங்கலைப் பொறுக்க முடியாமல் போவதைத்தான் பழக்கம் என்று நினைக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதே பயத்தில் பவரைக் குறைத்துக் கேட்கிற பெற்றோர் உண்டு. 2002இல் மலேசியாவில் வெளியான ஆய்வில், தூரப்பார்வை மங்கிய பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே பவர் குறைத்த கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். சரியான பவர் போட்ட பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் குறை வேகமாக ஏறியது.

"புரை முத்தட்டும், அப்புறம் வெட்டலாம்." இந்தப் பேச்சு ஒரு காலத்தில் நியாயமாகத்தான் இருந்தது. அன்று வில்லையை எடுத்தால் அந்த இடத்தில் வைக்க ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்கச் சோடாப் புட்டிக் கண்ணாடிதான். எனவே பார்வை முழுதாகப் போகும்வரை காத்திருந்தார்கள். 1949இல் லண்டனில் ஹரல்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லை வைத்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு இணைந்த ஆரோலேப் 1992இல் அந்த வில்லையை மலிவாகச் செய்யத் தொடங்கியது. இன்று காத்திருப்பதால் லாபம் எதுவுமில்லை. முற்றிய புரை கல்லாக இறுகி சத்திரசிகிச்சையைச் சிக்கலாக்கும். வீங்கி கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றினால் பார்வை நரம்பே பழுதாகும், அது திரும்பாது.

இதில் ஓர் ஏமாற்று உண்டு. கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்க முடியாதிருந்த பாட்டி திடீரென்று வாசிப்பார். "பாட்டிக்குக் கண் திரும்பிடுச்சு" என்று லயமே பேசும். புரை தொடங்கும்போது வில்லை அடர்ந்து, கிட்டப் பார்வை சில காலம் தெளிவதுண்டு. சந்தோஷப்பட வேண்டிய நேரமல்ல, வைத்தியரிடம் காட்ட வேண்டிய நேரம்.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து வந்துவிட்டதாகவும் கேட்கிறோம். 2015இல் லானோஸ்டெரால் என்ற பொருள் நாய்களின் கண்ணில் புரையைக் குறைத்ததாக நேச்சர் இதழில் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் அதே ஆண்டில் இந்திய மருத்துவர்கள் சத்திரசிகிச்சையில் அகற்றிய மனிதப் புரைகளை அந்தத் திரவத்தில் ஊறவைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெளியவில்லை. புரைக்கு இன்றும் சத்திரசிகிச்சைதான் வழி.

இனி ஆண்கள் பக்கம். கவ்வாத்து வெட்டும்போது மிலாறுக் குச்சி தெறித்துக் கண்ணில் படுவது புதிதல்ல. உடனே தாய்ப்பால் விடுவார்கள், அல்லது நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிவார்கள். கருவிழியில் விழுந்த கீறல் மயிரிழையாக இருக்கலாம். அதன் வழியாகக் கிருமியோ பூஞ்சணமோ புகுந்தால் சில நாளில் புண்ணாகி, ஆறினாலும் வெள்ளைத் தழும்பாக நின்றுவிடும். 'பூ விழுந்த கண்' என்கிறோமே, அதில் பல இப்படி வந்தவை. தாய்ப்பாலும் பூச்சாறும் கிருமி நீக்கியவை அல்ல. நேபாளத்தின் பக்தபூரில் கிராமத் தொண்டர்களே கீறல் பட்ட கண்ணுக்கு குளோரம்பெனிக்கோல் களிம்பு போட்டார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில், 18 மணித்தியாலத்துக்குள் களிம்பு தொடங்கிய ஒருவருக்கும் புண் வரவில்லை. நேரம்தான் மருந்து. கடையில் யாரோ எடுத்துத் தரும் ஸ்டீராய்ட் சொட்டு இதற்கு நேர் எதிர்: சிவப்பு அடங்கும், உள்ளே பூஞ்சணம் பெருகும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: விழித்திரையில் பழுது தொடங்கும்போது வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. நன்றாகத் தெரிகிறதே என்று இருந்துவிடாதீர்கள், வருடம் ஒருமுறை காட்டுங்கள்.

அரச வைத்தியசாலையில் கண் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் நுவரெலியாவுக்குப் போய்வர ஒரு நாள் பேர் போகிறது. பலரைத் தடுப்பது அதுதான். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் வருடத்துக்கு ஒரு நாள், கொழுந்து நிறுக்கிற இடத்திலேயே, நாற்பது கடந்த எல்லோருக்கும் கண் சோதித்துக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுக்க வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் இதையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள்.