பால் கேனும் முன்சக்கரமும்

விடியற்காலையில் பேளூர், புழுதிக்குட்டைப் பக்கத்து மண்பாதைகளிலிருந்து வாழப்பாடிக்குப் பால் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்திருக்கிறீர்களா? பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நாற்பது லிட்டர் கேன்கள். அவை நிறைந்திருக்கும்போது வண்டியின் பின்பகுதி தாழ்ந்து, ஹேண்டில்பார் தூக்கி நிற்கும். ஜல்லி பெயர்ந்த இடத்தில் முன்சக்கரம் பிடிப்பின்றி அலைபாயும். "ஷாக் அப்சார்பரை டைட் வைத்தால் சரியாகிவிடும்" என்பார் மெக்கானிக். அவர் சொல்வது சரியா?

ஒரு சைக்கிளைச் சமதரையில் நேராக நிறுத்துங்கள். ஹேண்டில்பார் திரும்பும் அச்சு செங்குத்தாக இல்லை. மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்த அச்சின் நேராக ஒரு நீண்ட குச்சியை வைத்தால், அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். இரண்டையும் சாக்கட்டியால் குறித்து அளந்து பாருங்கள். இந்தத் தூரத்தை டிரெயில் என்பார்கள்; நாம் 'பின்தொடர் தூரம்' என்போம். டயரின் தொடுபுள்ளி அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருவதால், சக்கரம் சற்றே திரும்பினாலும் தரையின் உராய்வு அதை நேராக்குகிறது. ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சிறு சக்கரங்கள் போகும் திசைக்குத் தாமே திரும்பிக்கொள்வதும் இப்படித்தான்.

சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவே சைக்கிளை விழாமல் காக்கிறது என்று நீங்கள் படித்திருக்கலாம். டேவிட் ஜோன்ஸ் என்பவர் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அவ்விளைவை ஏறக்குறைய ஒழித்துவிட்டார். ஆனாலும் அந்தச் சைக்கிளை ஓட்ட முடிந்தது என்று 1970-இல் எழுதினார். பம்பர விளைவும் பின்தொடர் தூரமும் இல்லாமலே தானாக நிமிர்ந்து ஓடும் சைக்கிளை டச்சு, அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் செய்து காட்டினார்கள். ஆகவே நம் விளக்கம் முழுமையானதல்ல. ஆயினும் கடைத்தெருவில் விற்கும் வண்டிகளில் பின்தொடர் தூரத்தின் பங்கு பெரிது.

இனிக் கணக்குக்கு வருவோம். ராயல் என்ஃபீல்டு 2016-இல் வெளியிட்ட ஹிமாலயன் போல, கரடுமுரடான பாதைக்கென்று செய்யும் வண்டிகளுக்கு முன்சக்கரம் 21 அங்குலம் இருக்கும். டயரோடு ஆரம் 348 மி.மீ., அச்சின் சாய்வு செங்குத்திலிருந்து 27 பாகை, சக்கர மையம் அச்சுக்கு 60 மி.மீ. முன்னால் என்று கொள்வோம். ஆரத்தைச் சாய்வின் சைனால் பெருக்கி, 60-ஐக் கழித்து, கோசைனால் வகுத்தால் 110 மி.மீ. வரும். அதுவே பின்தொடர் தூரம். சக்கரங்களின் இடைத்தூரம் 1450 மி.மீ. என்றால், பின்பகுதி 25 மி.மீ. தாழும்போது சாய்வு 28 பாகையாகிறது. பின்தொடர் தூரம் 117 ஆகிறது. 25 மி.மீ. உயர்ந்தாலோ 103 தான். ஓட்டுபவரின் கை இந்த ஏழு மில்லிமீட்டரை உணரும்!

பால் வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுமார் 90 கிலோ சுமை பின்னச்சுக்கு 150 மி.மீ. பின்னால் தொங்குகிறது. இடைத்தூரம் 1250 மி.மீ. எனில், நெம்புகோல் தத்துவப்படி முன்சக்கரத்திலிருந்து ஏறத்தாழ 11 கிலோ எடை குறைந்துவிடும். அழுத்தம் குறைந்தால் உராய்வு குறையும். நேராக்கும் விசையும் குறையும். அலைபாய்வது அதனால்தான்.

மெக்கானிக் திருகும் வளையம் என்ன செய்கிறது? சுருள்வில் கடினமாகிவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஹூக் விதியை நினைவுகூருங்கள். 2 கிலோவுக்கு 1 மி.மீ. அமுங்கும் வில்மீது 100 கிலோ ஏற்றினால் 50 மி.மீ. அமுங்கும். வளையத்தால் முன்கூட்டியே 10 மி.மீ. அமுக்கி வைத்தாலும் மொத்த அமுக்கம் அதே 50 தான். ஆனால் வண்டி 40 மட்டுமே தாழும். மேலும் 20 கிலோ ஏற்றினால், முன்போலவே 10 மி.மீ. இறங்கும். வில்லின் மாறிலி மாறவே இல்லை; உயரம் மட்டுமே மாறியது.

எனவே மெக்கானிக் சொன்னது பாதி சரி. பின்பகுதி உயர்ந்து சாய்வு பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் அந்த 11 கிலோ திரும்பாது. அதற்குக் கேன் தாங்கியையே முன்னால் நகர்த்த வேண்டும். கேன்களை இறக்கியபின் வளையத்தைப் பழைய படிக்குத் தளர்த்துவதும் அவசியம். இல்லாவிட்டால் பின்பகுதி தூக்கி நிற்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தவுடன் முன் ஃபோர்க்கும் அமுங்கி, பின்தொடர் தூரம் மேலும் சுருங்கும். ஹேண்டில்பார் வெடுக்கென்று திரும்பி ஆளைத் தள்ளிவிடும்.

வீட்டிலுள்ள வண்டியில் இதை அளந்து பாருங்கள். நடு ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையில் படாமல் நிற்கும்போது, பின்னச்சிலிருந்து இருக்கைக்கு அடியிலுள்ள ஒரு புள்ளி வரை டேப்பால் அளவெடுங்கள். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, அப்பாவை உட்காரச் சொல்லி மீண்டும் அளவெடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வண்டி தாழ்ந்த அளவு. மண்பாதைப் பந்தயக்காரர்கள் இதைச் சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக வைத்துக்கொள்கிறார்கள். வளையத்தைத் திருகும்போது இடம், வலம் இரண்டையும் ஒரே படியில் வையுங்கள்.