6.9-க்கும் 7-க்கும் நடுவே

அன்புள்ள யாழினி,

ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் போய்வந்ததிலிருந்து உனக்குச் சைடர் பேச்சுதான் என்று அக்கா போனில் சொன்னாள். வில்லவிசியோசாவில் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, இடுப்பருகே இருக்கும் கிளாஸில் ஊற்றுவார்களே, அந்தப் புளிப்புச் சரக்கை நியூ ஜெர்சிக்குக் கொண்டுவந்து விற்கவேண்டுமாம். ஆப்பிளில் இறக்கிய கள் என்றால் நம்மூர்க்காரருக்குப் புரிந்துவிடும். அமெரிக்க அரசாங்கத்துக்குப் புரியவைக்கப் படிவம் வேண்டும். சொட்டுகூடக் குடிக்காத மாமாவுக்கு இதில் என்ன தெரியும் என்று நினைக்காதே. நெவார்க் துறைமுகத்துக்கு வந்த மதுப் பெட்டிகளுக்குக் காகிதம் எழுதி எழுதித்தான் இந்தத் தலை நரைத்தது.

ருசி பார்த்தாயிற்று. இனி எண்ணைப் பார். ஆல்கஹால் 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் உன் சைடர் ஒயின். மது, புகையிலை வரி, வணிகப் பணியகமான டி.டி.பி. லேபிளுக்கு ஒப்புதல் தந்தபிறகுதான் சரக்கு உள்ளே வரும். 7-க்குக் கீழே போனால் லேபிள் விஷயத்தில் அது உணவுப்பொருள், உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. பக்கம் போகிறது, பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பதுபோல் ஊட்டச்சத்துக் கட்டம் கேட்பார்கள். வரி மட்டும் அப்போதும் டி.டி.பி. விதிப்படிதான். எந்தப் பக்கம் விழுந்தாலும் கர்ப்பிணிகளையும் வண்டி ஓட்டுபவர்களையும் எச்சரிக்கும் அரசு வாசகம் 1989-லிருந்து கட்டாயம். அதில் முதல் இரண்டு சொற்கள் பெரிய எழுத்திலும் தடித்தும் இருக்கவேண்டும், மீதி தடித்து இருக்கக் கூடாது. இதற்காகவே திருப்பி அனுப்பப்பட்ட லேபிள்களுக்குக் கணக்கில்லை.

அஸ்தூரியாஸ் சைடர் பெரும்பாலும் 6 சதவீதத்தை ஒட்டி நிற்கும், நுரை குறைவு. அது உனக்கு நல்லது. பயப்படவேண்டியது 6.8, 6.9 என்று எல்லையில் நிற்கும், சர்க்கரை மிச்சமிருக்கும் உயிருள்ள சைடருக்குத்தான். பாட்டிலுக்குள் நொதித்தல் தொடர்ந்தால் ஆல்கஹாலும் ஏறும், வாயுவும் ஏறும். கப்பல் ஏறும்போது உணவாக இருந்தது கரை சேரும்போது ஒயினாகிவிடலாம். ஆகவே உற்பத்தியாளரிடம் ஆய்வக அறிக்கை கேள். அந்த ஆண்டுக்கு மட்டுமல்ல, முந்தைய ஆண்டுகளுக்கும். தரத் தயங்குகிறவரின் சரக்கு எவ்வளவு ருசியாக இருந்தாலும் விட்டுவிடு. கோடையில் கொண்டுவந்தால் குளிர்சாதன கன்டெய்னர் எடு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வாயுவைச் சொன்னேனே, வரி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 2015 டிசம்பரில் அமெரிக்க காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. 2017-லிருந்து 8.5 சதவீதத்துக்குக் குறைவான ஆல்கஹாலும், 100 மில்லிக்கு 0.64 கிராம் வரை கரியமில வாயுவும் உள்ள ஆப்பிள், பேரிக்காய்ச் சரக்குக்குச் சைடர் விகிதம்: காலனுக்கு 22.6 சென்ட். 750 மில்லி பாட்டிலுக்கு நாலரை சென்ட்தான். ஷாம்பெயின் முறையில் நொதிக்கவைத்து வாயு அந்த வரம்பைத் தாண்டினால் காலனுக்கு 3 டாலர் 40 சென்ட், பாட்டிலுக்கு 67 சென்ட். (சிறு உற்பத்தியாளருக்குச் சலுகை உண்டு, அதை நம்பி விலை போடாதே.) கருந்திராட்சையோ பெர்ரியோ சேர்த்தாலும் சைடர் விகிதம் போய்விடும். சட்டத்துக்கு வேறு பழத்தின் வாசமே ஆகாது. அந்த விகிதத்தில் வருகிற பாட்டிலில் 'டாக்ஸ் கிளாஸ் 5041(பி)(6)' என்று அச்சிட்டிருக்கவும் வேண்டும். ஸ்பெயினில் அச்சடிப்பவருக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

வாஷிங்டன் இத்தோடு முடிந்தது. மாநிலங்கள் பாக்கி. 1933-ல் மதுவிலக்கு போனபோது, மது ஆலைக்காரனே சாராயக்கடையையும் வைத்துக்கொள்ளக் கூடாதென்று உற்பத்தி, மொத்தம், சில்லறை என மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். சில மாநிலங்களில் இறக்குமதியையும் மொத்த வியாபாரத்தையும் ஒரே ஆள் செய்யலாம், கடை மட்டும் கூடாது. ஒரு மாநிலத்தில் சைடரை பீரோடு சேர்ப்பார்கள், இன்னொன்றில் ஒயினோடு. ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியா போனாலே சட்டம் வேறு. அதனால் ஒரே மாநிலத்தில் தொடங்கு. இனி விலை. துறைமுகத்துக்கு வந்து சேரும்போது பாட்டில் 5 டாலர் அடங்குகிறது என்று வை. நீ முப்பது சதவீதம் வைத்து, விநியோகஸ்தர் முப்பது வைத்து, கடைக்காரர் மூன்றிலொரு பங்கு வைத்தால் அலமாரியில் அது 11 டாலரைத் தாண்டி நிற்கும். பக்கத்திலேயே அமெரிக்கச் சைடரான ஆங்ரி ஆர்ச்சர்ட் ஆறு பாட்டில் கட்டாக இருக்கும். அந்த அலமாரியில் உனக்கு வேலையில்லை. ஸ்பானிய உணவகங்களுக்குப் போ. ஊற்றும் வித்தையை அங்கே பணியாளரே செய்துகாட்டுவார்.

கடைசியாக, விநியோகஸ்தர் ஒப்பந்தம். ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் ஒருவருக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டால் தகுந்த காரணம் காட்டாமல் திரும்ப வாங்க முடியாது. அவர் விற்காமல் கிடங்கில் போட்டுவைத்தாலும் பிராண்டை மீட்பது எளிதல்ல. முதலில் வந்து சிரிப்பவருக்குக் கையெழுத்துப் போடாதே. எந்த மாவட்டங்கள், எத்தனை மாதம், எத்தனை பெட்டி என்று எழுதி வாங்கு. வழக்கறிஞருக்குச் செலவழிக்க மனம் வராவிட்டால் சைடரே வேண்டாம்.

லேபிளை அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்பு. தடித்த எழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா