சதுரம் தோன்றுவதற்கு முன்

அன்புள்ள கயல்,

மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் கண்டதற்கெல்லாம் அர்த்தம் கற்பிப்பார்கள் என்று வகுப்பில் சொன்னார்களாம். அதை அளக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும், அளந்தும் இருக்கிறார்கள். ஆனால் கிடைத்த விடை வகுப்பில் சொன்னதோடு அப்படியே பொருந்தவில்லை.

முதலில் பின்னணி. எதைக் கவனிக்க வேண்டும் என்று மூளை முடிவுசெய்வதில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. அது வேளைகெட்ட வேளையில் சுரந்தால் பக்கத்து வீட்டு இருமல்கூட நமக்கான சைகையாகப் படும். ஏன் இப்படி என்று தவிக்கும் மனம் கடைசியில் ஒரு விளக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது: 'என்னை வேவு பார்க்கிறார்கள்.' மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் 2003இல் முன்வைத்த கருத்து இது. கண்டதெல்லாம் முக்கியமாகப் படும் அந்தத் தீவிரத்தைத்தான் மருந்து தணிக்கிறது. நம்பிக்கை கரைய நாளாகும் என்றும் அவர் சொன்னார்.

இதைச் சோதிக்க லண்டனில் ஜோனதன் ரோய்சர் குழுவினர் ஒரு கணினிச் சோதனையை உருவாக்கி, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். திரையில் கறுப்புச் சதுரம் தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். சில முறை அதற்குக் காசு உண்டு. வேகமாக அழுத்தினால் கூடுதலாகக் கிடைக்கும். சதுரத்துக்கு முன்னால் ஒரு படம் வரும். அது சிவப்பாகவோ நீலமாகவோ, விலங்காகவோ வீட்டுச் சாமானாகவோ இருக்கும். சிவப்பு வந்தால் 8க்கு 7 முறை காசு, நீலத்துக்கு 8க்கு 1 முறைதான் என்று வைத்துக்கொள். விலங்கா, சாமானா என்பதற்கும் காசுக்கும் சம்பந்தமே இல்லை, இரண்டிலும் சரிபாதி. இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். சிவப்புக்குக் கை விரைந்தால் அது நியாயமான முக்கியத்துவம். விலங்குக்கும் சாமானுக்கும் இடையே வேகம் மாறினால், அது இல்லாத முக்கியத்துவம். எந்தப் படத்துக்கு எத்தனை முறை காசு வந்தது என்று பங்கேற்றவர்களையே மதிப்பிடவும் சொன்னார்கள்.

சிறிய ஆய்வுதான், நோயாளிகள் மருந்து உட்கொண்டு வந்தவர்கள். அவர்களை மொத்தமாகப் பார்த்தால், இல்லாத முக்கியத்துவம் நோயில்லாதவர்களைவிடக் கூடுதலாக இல்லை. தவறான நம்பிக்கைகள் நீடித்தவர்களிடம் மட்டும், அவை இல்லாத நோயாளிகளைவிட அது அதிகம். நியாயமான முக்கியத்துவமோ நோயாளிகளிடம் குறைவாக இருந்தது.

இந்தக் கடைசி முடிவை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். சந்தேகமும் பயமும் வெளியே தெரிந்துவிடும். பயன் தருவதன்மேல் நாட்டம் குறைவது தெரியாது. வீட்டில் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

கட்டுரை எழுதும்போது இந்த இரண்டு அளவுகளையும் தனித்தனியாக எழுது. நோயுள்ள எல்லாரையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடாதே.

அன்புடன்,
உன் சித்தப்பா