கடல் கடக்கும் ஆசிரியருக்கு ஒரு மடல்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஊர்களிலிருந்து அயல்நாட்டுப் பள்ளிகளுக்குப் புறப்பட ஆயத்தமாகும் இளம் ஆசிரியர்களுக்கு,

அயல்நாட்டில் ஆசிரியப் பணி ஏற்பவர், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, அந்தப் பணியிடம் எதனால் உருவாயிற்று என்று கேட்டறிதல் நன்று. ஒரு நாடு தன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வெளியிலிருந்து ஆள் எடுப்பது, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தன்னிடம் போதாத காலத்தில்தான். அந்தக் குறை தீர்ந்ததும் வெளியாரின் தேவையும் தீர்ந்துவிடுகிறது. குறை தீர்வதற்கு உழைப்பவரும் அந்த வெளியாரே, ஏனெனில் அவர் செம்மையாகக் கற்பித்த மாணவரே பின்னாளில் ஆசிரியராகி அவரது இடத்துக்கு வருகிறார். வெளிநாட்டவர் வகிக்கும் பணியிடங்களைப் படிப்படியாகச் சொந்தக் குடிமக்களுக்கு மாற்றும் இக்கொள்கையை உள்நாட்டார்மயம் என்பர். இதனை நன்றிகேடு என்று நொந்துகொள்ளும் ஆசிரியர்கள் உண்டு. ஆனால் புதுச்சேரி அரசும் தன் பள்ளிகளில் தன் மண்ணின் பிள்ளைகளுக்கே முதலிடம் தரவேண்டும் என்று கேட்கிறவர்கள், மற்றொரு நாடு அதையே செய்யும்போது குறைசொல்ல இடமில்லை.

இந்திய ஆசிரியர்கள் சென்ற நாடுகளின் வரலாறு இதையே காட்டுகிறது. 1941-இல் இத்தாலிய ஆக்கிரமிப்பு நீங்கியபின் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி தம் நாட்டுப் பள்ளிகளை மீண்டும் எழுப்ப இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார். அவர்கள் பல பத்தாண்டுகள் அந்நாட்டின் உயர்நிலைக் கல்வியைத் தாங்கினார்கள். 1974-இல் பேரரசரே பதவியிழந்தபின் அங்கு எல்லாம் மாறிற்று. நைஜீரியா 1976-இல் அனைவருக்கும் தொடக்கக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கியதால் பெருகிய வகுப்பறைகளுக்கு எண்ணெய்ப் பணத்தைக் கொண்டு அயல்நாட்டு ஆசிரியர்களை அமர்த்தியது. எண்ணெய் விலை சரிந்தபின், 1986-இல் அந்நாட்டு நாணயமாகிய நைராவின் மதிப்பு பல மடங்கு வீழ்ந்தபோது, நைராவில் சம்பளம் பெற்று ரூபாயில் வீட்டுக்கு அனுப்பியவர்களின் கணக்கு ஓராண்டுக்குள் தலைகீழாயிற்று. அவர்களுடைய கற்பித்தலில் எந்தக் குறையும் நேர்ந்திருக்கவில்லை.

பாகூர்க்காரர் அறிந்திருக்க வேண்டிய எதிர்ச்சான்று ஒன்று அவ்வூரிலேயே உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அவ்வூரில் இயங்கிய வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கற்றோர் தங்கிக் கற்பித்த உயர்கல்விக் கூடத்துக்கு, மூன்று ஊர்களைக் கொடையாக வழங்கியதைப் பதிவுசெய்கிறது. கொடையின் பொருள், அவ்வூர்களின் வருவாய் ஆண்டுதோறும் கல்விக்கே சேரும் என்பது. அத்தகைய ஏற்பாட்டில் கற்பித்தவரின் வாழ்வு நிலத்தோடு பிணைந்திருந்தது. இன்றைய அயல்நாட்டு ஆசிரியரின் வாழ்வோ பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடும், ஒப்பந்தத்தைச் சார்ந்த விசாவோடும் பிணைந்திருக்கிறது. பள்ளி வேலையை முடித்துக்கொண்டால் நாட்டில் தங்கும் உரிமையும் சில வாரங்களில் முடிந்துவிடும். ஆகவே அந்தத் தாளைச் செப்பேட்டைப் படிக்கும் கல்வெட்டறிஞரின் பொறுமையோடு எழுத்தெழுத்தாகப் படிப்பது கடமையாகிறது.

ஒப்பந்தத்தில் கண் முதலில் செல்லவேண்டிய இடம் அடிப்படைச் சம்பளம் என்னும் வரி. வளைகுடாப் பள்ளிகள் மொத்தச் சம்பளத்தைப் பெரிதாகக் காட்டி, அதில் அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகவும் வீட்டுப்படி, பயணப்படி முதலியவற்றைப் பெரிதாகவும் பிரிப்பது வழக்கம். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, பணி முடிந்து செல்பவருக்குரிய கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கிடப்படுகிறது. மொத்தம் 5,000 திர்ஹாம் பெறும் ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 2,000 திர்ஹாம் மட்டுமே என்றால், ஆண்டுக்கு அவருக்குச் சேரும் கொடை 1,400 திர்ஹாம். மொத்தத் தொகையை வைத்து மனக்கணக்குப் போட்டவர் 3,500 கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார். கணவரின் விசாவில் தங்கியிருக்கும் ஆசிரியைக்கு விசாச் செலவு இல்லை என்பதால் பள்ளிகள் அவரை விரும்பி எடுப்பதும், அதே வேலைக்குக் குறைவாகச் சம்பளம் பேசுவதும் உண்டு. விசா யார் பெயரில் என்பதும் ஆகவே சம்பளப் பேச்சின் ஒரு பகுதியே.

பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, குடியேற்றச் சோதனை தேவையில்லை என்னும் பிரிவில் வழங்கப்படுகிறது. இது பெருமையாகத் தோன்றினாலும், கொத்தனாராகவும் வீட்டுப் பணியாளராகவும் வளைகுடா செல்பவர்களின் ஒப்பந்தத்தை அரசு அலுவலர் பார்வையிடும் ஏற்பாடு ஆசிரியருக்கு இல்லை என்பதே இதன் மறுபக்கம். பட்டதாரிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்று சட்டம் கருதிக்கொள்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. விதிகள் அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தை ₹30,000-மும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் என்று வரையறுக்கின்றன. பதிவுபெற்றவர்களின் பட்டியல் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் உள்ளது. லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டுக்கு நகையை அடகுவைத்துக் கொடுப்பதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

புதுச்சேரியின் கொம்யூன்களுக்குக் கடல் கடந்த அரசுப்பணி புதிதன்று. பிரெஞ்சு அரசின் 1881 செப்டம்பர் ஆணை, இந்து, கிறித்துவ, இசுலாமியத் தனிநபர் வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழிசெய்தது; அவ்வாறு துறந்தவர் ரெனோன்சான் எனப்பட்டார். அவர்களில் பலர் பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோனில் வரி வசூலிலும் காவலிலும் நீதிமன்ற அலுவலிலும் அமர்ந்தனர். சட்டத்தில் பிரெஞ்சுக்காரராகவும் தோற்றத்தில் இந்தியராகவும் இருந்ததால், ஊதியத்தில் ஐரோப்பியருக்கு நிகரா என்ற கேள்வி அவர்களைத் தொடர்ந்தது. அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. ஒரே நகரத்தில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியும் பிரிட்டன் பாடத்திட்டப் பள்ளியும் ஒரே பாடத்துக்கு வெவ்வேறு ஊதியம் தருகின்றன; உள்ளூரில் சேர்க்கப்பட்டவர், வெளிநாட்டிலிருந்து அழைக்கப்பட்டவர் என்று ஒரே ஆசிரியர் அறையிலும் இரண்டு நிலைகள் அமைகின்றன. 1826-இல் தொடங்கிய புதுச்சேரி லிசே பிரான்சேயும், பிரெஞ்சு அரசு அனுப்பும் ஆசிரியரையும் உள்ளூரில் அமர்த்தும் ஆசிரியரையும் தனித்தனி வகைகளாகப் பிரிக்கும் உலகளாவிய பள்ளி வலையமைப்பைச் சேர்ந்ததே. நிலைவேறுபாடு என்றால் என்ன என்பதை அறிய ஓர் இளம் ஆசிரியர் வானூர்தி ஏறவேண்டியதில்லை.

தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரிப் பட்டதாரிகளுக்கு எளிதில் கிட்டும் அயல்நாடு மாலத்தீவு. ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகளில் 200-க்கும் குறைவானவற்றிலேயே மக்கள் வாழ்கின்றனர். தலைநகர் மாலே நெரிசல் மிக்கது, ஆனால் ஆசிரியருக்கு வாய்ப்பது பெரும்பாலும் சில நூறு குடும்பங்கள் வாழும் வெளித்தீவே. உயர்நிலை வகுப்புகள் கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு ஆயத்தம் செய்கின்றன. கணிதம், அறிவியல், வணிகவியல் ஆகியவற்றுக்கு இந்தியர் தேவைப்படுகின்றனர். பள்ளி முடிந்தபின் அரை மணி நேரத்தில் தீவைச் சுற்றி நடந்துவிடலாம். அதன்பின் மாலை நீள்கிறது. சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவிழாக்களின் சத்தத்தில் வளர்ந்த வில்லியனூர்ப் பிள்ளைக்கு இந்த அமைதி முதல் மாதம் விடுமுறையாகவும் ஆறாம் மாதம் சுமையாகவும் படுவது இயல்பு. இசுலாம் மட்டுமே பொதுவெளியில் பின்பற்றப்படும் நாடாகையால் வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுசெல்ல அங்குத் தடை உண்டு. இதை மாலே வானூர்தி நிலையத்தில் அறிந்து கலங்குவதைவிட வீட்டிலேயே அறிந்து புறப்படுவது மேல். நாட்டில் டாலர் தட்டுப்பாடு அடிக்கடி தோன்றுவதால், ருஃபியாவில் பெற்ற சம்பளத்தை முழுமையாக ஊருக்கு அனுப்ப முடியாத மாதங்களும் நேரும். சம்பளம் எந்த நாணயத்தில், அனுப்ப வரம்பு எவ்வளவு என்பவை ஆகவே ஏஜென்டிடம் கேட்கவேண்டிய முதல் கேள்விகள்.

இத்தனைக்கும் மேலாக இப்பணிக்கு ஒரு பேறு உண்டு. வேறொரு நாட்டுக் குழந்தைகளின் பிழைகளைத் திருத்தும் ஆசிரியர், பிழை எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தம் ஊரில் ஒருபோதும் காணமுடியாத தெளிவோடு காண்கிறார். வலமிருந்து இடமாக எழுதப்படும் தானா எழுத்தில் திவேஹி மொழி எழுதிப் பழகிய மாலத்தீவுச் சிறுவன் எண்கோட்டில் எதிர்த்திசையில் நகரக்கூடும்; அவனை மந்தன் என்று முடிவுகட்டுபவர் அயல்நாட்டில் இருந்தும் ஊரைவிட்டு வெளியே வராதவரே. மாணவரின் மொழியை எழுத்துக்கூட்டியாவது கற்பதும், ஊர்க்காரரோடு மட்டுமே கூடிச் சமைத்துண்டு பொழுதுபோக்கும் வட்டத்துக்கு வெளியே வாரத்தில் ஒரு மாலையேனும் செல்வதும் இளம் ஆசிரியருக்கு வலியுறுத்தத் தக்கவை. இதற்கு முன்மாதிரி புதுச்சேரிக்கு வந்த ஓர் அயல்நாட்டு ஆசிரியரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரிக் கல்லூரியில் பணியேற்ற பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரே, விடுமுறைகளைச் சக நாட்டவரின் கழகத்தில் கழிக்காமல் கோயில்களில் கழித்தார். கூடு, பொதிகை, கோட்டம் ஆகிய கட்டட உறுப்புகளின் வடிவம் காலந்தோறும் மாறும் முறையைக் கவனித்து, அதைக்கொண்டு கோயில்களின் காலத்தைக் கணிக்கும் வழியை வகுத்தார். 1914-இல் வெளிவந்த அவருடைய தென்னிந்தியத் தொல்லியல் நூல் இன்றும் ஆய்வாளரின் மேசையில் உள்ளது. எதிர்த்திசையிலும் சான்று உண்டு: இலங்கையிலிருந்து சென்ற தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த காலத்தில்தான், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று. இருவருமே சென்ற இடத்தை வெறும் சம்பள இடமாக எண்ணவில்லை.

திரும்பி வருவதைப் பற்றிய சிந்தனை, செல்லும் நாளிலேயே தொடங்கவேண்டும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டு முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியதால், வளைகுடாவின் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பெறும் பட்டறிவு இங்குப் பொருந்தும். ஆனால் அரசுப் பணிக்குரிய வயது வரம்பு கடல் கடந்தவருக்காகக் காத்திருப்பதில்லை, அயல்நாட்டு ஆண்டுகள் இங்குப் பணிமூப்பில் சேர்வதும் இல்லை. இருபத்தைந்து வயதில் நான்கு ஆண்டு சென்று வருவதும் முப்பத்திரண்டில் செல்வதும் ஒரே முடிவல்ல. பெற்றோரின் மருத்துவத்தை யார் கவனிப்பது, உடன்பிறந்தவரிடம் அந்தப் பொறுப்பைச் சொல்லாமலே சுமத்திச் செல்வதா என்பவற்றை வீட்டில் வெளிப்படையாகப் பேசித் தீர்க்காதவர்கள், பணம் அனுப்பிய பின்னும் மனத்தாங்கலோடு திரும்புவதே மிகுதி.

கடைசியாக, சான்றிதழ்கள். இந்தியாவில் 2005-இல் நடைமுறைக்கு வந்த ஹேக் உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அபோஸ்டில் முத்திரை, ஆவணம் உண்மையானது என்பதற்கு உறுப்பு நாடுகள் ஏற்கும் ஒரே சான்று. அமீரகம் போன்ற உறுப்பல்லாத நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் தனி அட்டெஸ்டேஷன் தேவை. புறப்படும்போது இவற்றுக்கு அலைபவர், திரும்பும்போது பணியனுபவச் சான்றைப் பெறாமல் வந்துவிடுகிறார். பள்ளி பெயர் மாறியபின்னோ மூடப்பட்டபின்னோ அதைத் தேடிப் பெறுவது அரிது. பணிபுரிந்த தேதிகள், கற்பித்த வகுப்புகள், பாடங்கள் ஆகியவற்றோடு பள்ளி முதல்வர் கையொப்பமிட்ட சான்றை அந்நாட்டுக் கல்வித் துறையின் முத்திரையோடு, விசா ரத்தாவதற்கு முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு படியை வீட்டாரிடம் அனுப்பி வைக்கவும் வேண்டும்.